மாமாவுக்குச் சொன்ன ஆட்டங்கள்

மாமா,

இன்று மத்தியானம் மாமி கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் வைத்தார். குருநகரில், கடலை நம்பிச் சீவிக்கிற கத்தோலிக்க வீட்டில், மீன் மணமே இல்லாத சமையல். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் பிறந்தால் இந்த வீடு என்னுடைய அச்சுவேலிச் சைவ வீட்டைப் போல மணக்கத் தொடங்கிவிடும். கலியாணம் முடித்து வந்த முதல் வருடம் அந்த மணத்துக்கே எனக்கு அழுகை வந்தது. இன்றும் வந்தது. ஆனால் இன்று நினைத்தது அம்மா வீட்டையல்ல, உங்களை. நம்முடைய சிவப்புச் சட்டைக்காரருக்கு இன்றிரவு ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம், அதுவும் எதிராளியின் மைதானத்தில். நீங்கள் கண்ணை மூடிய பிறகு வருகிற முதல் தவக்காலம் இது.

நிலவரம் இதுதான். போன கிழமை சொந்த மைதானத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றோம். மூன்று கோல் அடித்திருக்க வேண்டியது. கண் தெரியாத மத்தியஸ்தர் ஒருவரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். இன்று சமநிலை எடுத்தாலே அரையிறுதி. ஆனால் அந்த மைதானத்தில் சனம் விசிலடிக்கத் தொடங்கினால் நம்முடைய பொடியங்களுக்குக் கால் பின்னும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் இருபது நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருந்தால் ஏசியிருப்பீர்கள். "சமனுக்கு விளையாடப் போறதெண்டால் பிளேன் ரிக்கற்றுக்கு ஏன் காசைச் செலவழிக்கிறாங்கள்?" என்பீர்கள்.

அந்த முதல் வருடம் இந்த வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை. சைவப் பிள்ளையை மகன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்பதில் மாமிக்கு மனத்தாங்கல். நீங்கள் கோபிக்கவில்லை, கதைக்கவுமில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால் தலையை ஆட்டுவீர்கள், அவ்வளவுதான். உங்கள் மகன் பின்னேரம் கடல் தொழிலுக்குப் போனால் விடியத்தான் கரைக்கு வருவார். அச்சுவேலியில் மூன்று அண்ணன்மாரோடு உதைபந்தாட்ட மைதானத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். வேறு போக்கிடம் இல்லாமல், சத்தத்தைக் குறைத்துவைத்துவிட்டு ஒரு ஆட்டத்தைத் தனியாகப் பார்த்தேன். வீட்டில் இவ்வளவு பெரிய ரசிகர் ஒருவர் அடுத்த அறையில் படுத்திருக்கிறார் என்பதும், அவர் ஏன் எழுந்து வரவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் விடிய நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பூசையால் வந்த நீங்கள் குசினி வாசலில் நின்றீர்கள்.

"ராத்திரி மட்ச் பாத்தனியோ?"

பயந்து போனேன். "ஓம் மாமா."

"அப்ப சொல்லு. முடிவை முதல் சொல்லிப் போடாதை. துவக்கத்திலை இருந்து சொல்லு."

அன்றுதான் விசயம் விளங்கியது. தவக்காலத்துக்கு மாமி தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விடுவார், அயலட்டையில் சாராயத்தை விடுவார்கள், நீங்கள் உதைபந்தாட்டம் பார்ப்பதை விடுவீர்கள். கிண்ணத்தின் முக்கியமான ஆட்டங்கள் எல்லாம் வருடா வருடம் சரியாகத் தவக்காலத்தில் வந்து விழும். கொஞ்சம் பழகிய பிறகு கேட்டேன், பார்த்தால் விரதம் முறியும், கேட்டால் முறியாதோ என்று.

"சுவிசேசத்தை ஆர் பிள்ளை கண்ணாலை பாத்தது? கேட்டுத்தானே விசுவசிக்கிறம்."

அப்படித்தான் எங்கள் வழக்கம் தொடங்கியது. நீங்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள், முகம் முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று. சுவரையும் மேசையையும் மட்டும் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பீர்கள். நான் தக்காளியையும் வெங்காயத்தையும் மேசையில் அடுக்கிவைத்து, பந்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்டுவேன். நடுவில் நிறுத்தி நீங்கள் கேட்கிற கேள்விகளுக்காகவே நான் ஆட்டத்தை உன்னிப்பாகப் பார்க்கப் பழகினேன். பந்து இல்லாத பக்கத்தில் நின்றவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். "புட்டு ஆறுது, விசர்க் கூட்டம்," என்று மாமி அடுப்படியிலிருந்து சத்தம் போடுவார். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?

வெற்றியென்றால் இரவே எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளிலும் வெடி கொளுத்துவார்கள். எதிரணி வென்றாலும் கொளுத்துவார்கள், அது வேறு அணிகளின் ரசிகர்கள் வேலை. ஆகவே வெடிச் சத்தத்தை வைத்து உங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆபத்து விடிய, கோயிலுக்குப் போகிற வழியில்தான். ஒரு நாள் நானும் பின்னால் வந்துகொண்டிருந்தேன். படகுக்கு எஞ்சின் ஏற்றிக்கொண்டிருந்தவர் உங்களைக் கண்டு, "அண்ணை, ராத்திரி..." என்று தொடங்கினார். நீங்கள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "பொத்தடா வாயை! என்ரை மருமகள் சொல்லுவாள்!" என்று கத்தினீர்கள்.

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அதுவரை நான் அந்த ஒழுங்கைக்கு "அச்சுவேலிப் பெட்டை". அன்றைக்குப் பிறகு உங்கள் மருமகள். நீங்கள் அதை யோசித்துச் சொல்லவில்லை, முடிவு தெரிந்துவிடுமே என்ற பயத்தில் வந்த சொல் அது. யோசித்துச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு இனித்திருக்காது.

ஒரேயொரு வருடம் நம்முடைய ஆட்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டினார்கள். அரையிறுதி உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்தது. விரதம் முடிந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு இருந்து பார்த்தீர்கள். பாதியில் ஒரு பெருமூச்சு விட்டு, "நீ சொல்லேக்கை இதைவிட நல்லாயிருக்கும்," என்றீர்கள். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை.

போன வருடம் ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் உங்கள் மகனையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். திரும்பி வந்ததும் உங்கள் மகன் கட்டில் விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். நீங்கள் அவரைத் தேத்தண்ணி வாங்கி வர அனுப்பிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

"நீ சொல்லு பிள்ளை. துவக்கத்திலை இருந்து."

சொன்னேன். முதல் சோதனையில் என்ன கண்டார்கள், எந்த மருந்து பிடித்தது, எது பிடிக்கவில்லை, இனி எதைச் செய்ய முடியாது என்று ஒழுங்காக, ஒன்றையும் விடாமல் சொன்னேன். குரல் நடுங்காமல் சொல்ல என்னால் முடிந்ததென்றால், தோற்ற ஆட்டங்களை எத்தனையோ விடியல்களில் உங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதால்தான். எல்லாம் கேட்டுவிட்டு, "கடைசி விசில் இன்னும் ஊதேல்லைத்தானே?" என்றீர்கள். பிறகு தேத்தண்ணி குடித்தீர்கள். நீங்கள் என்னிடம் கேட்டதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அந்தச் செய்தியை உங்களுக்குச் சொல்லுகிற உரிமையை நீங்கள் எனக்குத்தான் தந்தீர்கள்.

உண்மையைச் சொன்னால், போன கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு விடியச் சொல்ல ஆளில்லாமல் இருந்ததால், இன்றைய ஆட்டத்தைப் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தேன். பார்த்து யாருக்குச் சொல்ல? உங்கள் மகன் கைத்தொலைபேசியில் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் வலையிலிருந்து மீனையே கழற்றுவார். அவரிடம் போய், பந்து இல்லாத பக்கத்தில் நின்றவனைப் பற்றி நான் கதைத்தால் கொட்டாவி விடுவார்.

மத்தியானம் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். மாமி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அந்த மொட்டைத் தலைக் கீப்பர் இப்பவும் நிக்கிறானோ?"

அவன் விலகிப் பல வருடமாகிவிட்டது, மாமா. அவனைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான்.

"இல்லை மாமி. இப்ப வேறை ஆள்."

"நல்ல பொடியனோ?"

"நல்ல பொடியன். ஆனால் உயரப் பந்துக்கு வெளியாலை வரப் பயப்பிடுவான்."

மாமி கோப்பையைத் துடைத்து அடுக்கினார். "மற்றவன் பயப்பிடேல்லை," என்றார். அடுத்ததை எடுத்துக்கொண்டு, "நாளைக்குப் பூசையாலை வந்து கேக்கிறன். எனக்கு எல்லாத்தையும் சொல்லு," என்றார்.

இத்தனை வருடமும் புட்டு ஆறுகிறது என்று கத்திக்கொண்டே அவர் ஒன்றையும் விடாமல் கேட்டிருக்கிறார்.

ஆகவே இன்றிரவு பார்க்கத்தான் போகிறேன். அங்கே தவக்காலம் இருக்காது என்று நினைக்கிறேன், நீங்களும் இன்றைக்குக் கண்ணால் பாருங்கள். சமநிலை போதாது, வெல்லவே வேண்டும். மாமிக்கு நான் சொல்லப் போகிற முதல் ஆட்டம் இது, மாமா.