சந்தனத்துக்கு அடியில் ஜம்பர் படம்

ஆவணி 12, வியாழன்

காலையில் டீ கூடப் போடாமல் பழைய கம்ப்யூட்டரைத்தான் போட்டேன். அதன் ஹார்ட் டிஸ்க் நேற்றைவிட அதிகமாக முனகியது. கல்வராயன் மலைக்காரர்களுக்கு நான் டைப் செய்த பட்டா மனுக்கள் எல்லாம் அதில்தான். வேறு நகல் இல்லை. திங்கட்கிழமை விசாரணை. அதற்குள் இன்னொரு டிஸ்க் மாட்டி நகலெடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து, வீட்டில் கிடந்த இன்னொரு பழைய டிஸ்க்கை மாட்டினான். இரண்டு டிஸ்க்குமே திரையில் வரவில்லை.

"பின்னாடி ஊசியில செருகியிருக்கிற சின்னக் கிளிப், அந்த ஜம்பரைப் பாருப்பா. ரெண்டுமே முதல் டிஸ்க்குன்னு வெச்சிருக்கும். அப்படி இருந்தா எதுவும் வராது."

"அதெல்லாம் இல்லக்கா. புதுசா மாட்டுனது செத்துப்போச்சு. எடைக்குப் போட்டுடுங்க."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "அவனுக்கே பாடம் எடுக்கிறியா? போயி டீ போடு."

போட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது.

அவன் போனதும் அந்த டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன். சும்மா கிடந்த அதற்கும் ஆயுத பூஜைதோறும் நானே சந்தனம் அப்பியிருக்கிறேன். ஜம்பரை எங்கே செருக வேண்டும் என்று காட்டும் படமே மறைந்துவிட்டது. நகத்தால் சுரண்டினேன். ஜம்பர் முதல் டிஸ்க்குக்கான இடத்தில்தான் இருந்தது. நான் சொன்னதுதான் சரி. உடனே மாற்றி மாட்டிப் பார்க்கலாமென்றால் கரண்ட் போய்விட்டது.

நாளைக் காலையில் அதை எடைக்கடைக்கு எடுத்துப் போவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் எழுவதற்கு முன்பே ஜம்பரை மாற்றி நானே மாட்டப் போகிறேன். மனுக்கள் முழுவதும் ஏறும்வரை டீ கிடையாது.