சிலுவை போட்ட விமானம்

சேசு மரி சூசை துணை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்,
21-8-1932

அன்புள்ள கேத்தரினுக்கு, உன் கணவன் சவரிமுத்து பூசை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதுவது.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். 'அத்தான் இருக்கிறாரா இல்லையா' என்று நாகப்பட்டினத்திலிருந்து உன் தம்பி போட்ட கார்டு வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைப் பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா தன் மகளை விட்டு வாசிக்கச் சொல்லி, எங்கள் குவார்ட்டர்ஸ் லைன் முழுவதும் விஷயம் தெரிந்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது. இனிமேல் உன் தம்பியைக் கவரில் எழுதச் சொல்.

இரண்டு மாதமாக நான் கடிதம் போடாதது தப்புதான். குடித்துத் திரிகிறேன் என்று அங்கே யாராவது சொன்னால் நம்பாதே. நான் ஒரு விமானம் செய்துகொண்டிருந்தேன். சிரிக்காதே. பறக்கிற விமானம் இல்லை. ஒரு முழ நீளத்தில், மரத்தில் செய்த சண்டை விமானம். அத்தை பக்கத்தில் இருந்தால் இந்தக் கடிதத்தை உரக்க வாசிக்க வேண்டாம். ஏற்கெனவே அவர்களுக்கு என்மேல் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை.

எங்கள் ரயில்வே ஒர்க்‌ஷாப் பென்ரோஸ் துரையை உனக்கு நினைவிருக்கும். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாரே, அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போகிறார் என்று ஜூன் மாதம் செய்தி வந்தது. வெள்ளித்தட்டு கொடுக்கலாம் என்று ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி கிரிகரி சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் துரை ஜெர்மன் சண்டையில் விமானம் ஓட்டினவர், அங்கே விழுந்துதான் கால் போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு, போன டிசம்பரில் நாம் இருவரும் இருந்த நிலையில் நான் இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லையே, அப்போது ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயருக்கு நேரே 'பிரசென்ட்' போட்டவர் அவர். அந்த மனுஷனுக்குத் தட்டா கொடுப்பது? நான் ஒரு விமானம் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் விமானம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

படம் தேடி மூன்று வாரம் அலைந்தேன். கடைசியில் அது மிளகாயோடு வந்தது. சீனன் கடையில் காய்ந்த மிளகாய் கட்டிக் கொடுத்த காகிதம் பழைய இங்கிலீஷ் பத்திரிகை. அதில் முழுப்பக்கத்துக்கு ஒரு சண்டை விமானம். கீழே எழுத்து இருந்த பாகம் கிழிந்து போயிருந்தது. ஆனால் எனக்கு எழுத்து எதற்கு? இறக்கையில் இரண்டு பக்கமும் பெரிய சிலுவை, வாலில் ஒரு சிலுவை. பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சண்டைக்குப் போகும்போதும் சாமியை மறக்காத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். தச்சுப் பட்டறை நாகையா மட்டும், "விமானத்துக்கு எதுக்கு அண்ணே சிலுவை?" என்று கேட்டான். "அவ்வளவு உயரத்தில் போறவனுக்குத் துணை வேண்டாமா?" என்று அவனுக்கு அரைமணி நேரம் ஞானோபதேசம் செய்தேன். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டான், பாவம்.

உடம்புக்குச் சாமான் பெட்டிப் பலகையைச் செதுக்கினோம். நம் வீட்டுப் பரணில் லேசான பலகை ஏதோ தெரிகிறதே என்று நாகையா ஏணி வைத்து ஏறினான். அது நம் பிள்ளைக்கென்று நான் செய்த தொட்டில். இறங்கிவிடு என்றேன். அவன் ஏன் என்று கேட்காமல் இறங்கிவிட்டான். அதை நான் தொடவில்லை, கேத்தரின். தூசி மட்டும் துடைக்கிறேன்.

ஆனால் உன் ஊதாப் பட்டுக் குடையைத் தொட்டுவிட்டேன். இறக்கைக்கு மெல்லிய துணி வேண்டியிருந்தது. கம்பி வளைந்த குடை, இனி உதவாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் ஒரே ஒரு கம்பிதான் வளைந்திருந்தது. அதையும் நான்தான் வளைத்தேன்.

துணி விறைப்பாக நிற்கட்டும் என்று கஞ்சி போட்டுக் காயவைத்தேன். மறுநாள் பார்த்தால் இடது இறக்கையில் கால்வாசியைக் கரப்பான்பூச்சி தின்றிருந்தது. குடையில் மிச்சமிருந்த துணியையும் வெட்ட வேண்டியதாயிற்று. இந்த முறை ரயில் பெட்டிக்கு அடிக்கிற வார்னிஷைப் பூசினேன். அதன் வாடையில் கரப்பான்பூச்சி மட்டுமில்லை, நல்லம்மாள் அக்காவின் பூனைகூட நம் பக்கம் வருவதை விட்டுவிட்டது.

பெயிண்ட் அடிப்பதில்தான் எனக்குச் சந்தோஷம். பத்து வருஷமாகப் பெட்டிக்கு நம்பர் எழுதுகிற கை இல்லையா! உடம்புக்குச் செங்காவி நிறம் மூன்று பூச்சு. சிலுவைக்குக் கறுப்பு, சுற்றிலும் வெள்ளைக் கோடு. படத்தில் இல்லாவிட்டாலும் பக்தியாக இருக்கட்டும் என்று ஓரத்தில் பொன் நிறத்தில் ஒரு மயிரிழை இழுத்தேன். பாடுபட்ட சுரூபத்தில் சேசுவின் தலைக்கு மேல் இருக்கிற மாதிரி எழுத்தும் எழுத ஆசைதான். இடம் போதவில்லை. எல்லாம் முடிந்து பார்த்த நாகையா, "மூணாம் கிளாஸ் பெட்டிக்கு ரெக்கை முளைச்ச மாதிரி இருக்கு அண்ணே" என்றான். பாராட்டித்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் தேநீர் விருந்து. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். யாரிடமும் காட்டாமல் காகிதம் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். கிரிகரி மேசைமேல் வைத்துக் காகிதத்தைப் பிரித்தார். அவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. என் காதில் வந்து, "அடேய் சவரி, இது நம்ம விமானம் இல்லடா. ஜெர்மன்காரன் விமானம்! துரையைச் சுட்டுத் தள்ளினதே இதுதான்டா!" என்றார். "அப்போ சிலுவை?" என்றேன். "அவன்தான்டா அதைப் போடுவான்!" என்றார்.

சட்டைப்பையில் பிரஷ் இருந்தது, பெயிண்ட் இல்லை. மேசையோடு தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் துரை எழுந்து கிட்டே வந்துவிட்டார்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்து, இறக்கையை ஒரு விரலால் தடவினார். முன்னால் இருக்கிற விசிறியைச் சுண்டினார், அது அழகாகச் சுற்றியது. பிறகு அவர் நிமிர்ந்து சொன்னதைக் கிரிகரி எனக்குத் தமிழில் சொன்னார்: "பிரான்ஸ் தேசத்து வானத்தில் இரண்டு வருஷம் இது என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. நின்று முகத்தைப் பார்க்க இன்றைக்குத்தான் வாய்த்தது."

ஒரு நிமிஷம் யாருக்கும் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. துரையே முதலில் சிரித்தார். யார் செய்தது, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார். நான் சிலுவையைப் பற்றி நினைத்ததை அப்படியே சொன்னேன். கிரிகரி வேர்த்து வழிந்துகொண்டே மொழிபெயர்த்தார். துரை கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு அமைதியாக, "இதை ஓட்டினவனும் அப்படித்தான் நினைத்திருப்பான், பாவம்" என்றார். போகும்போது டிரைவரிடம்கூடக் கொடுக்கவில்லை. காரில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

கார் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டு, "உன் மனைவி எப்படி இருக்கிறாள்?" என்று இங்கிலீஷிலேயே கேட்டார். டிசம்பரை அவர் மறக்கவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஒய்ஃப் இந்தியா சார். கமிங் சார்" என்றேன். "எப்போது?" என்றார். "சூன் கமிங் சார்" என்றேன். "குட், குட்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

யோசித்துச் சொல்லவில்லை, கேத்தரின். வாயில் வந்துவிட்டது. நீ ஜனவரியில் கப்பல் ஏறும்போது திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ எழுதிய மூன்று கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வியாழக்கிழமை துரையின் கப்பல் போய்விட்டது. 'சார், நான் சொன்னது நிச்சயமில்லை' என்று இனி யாரிடம் போய்த் திருத்துவேன்? பத்து வருஷத்தில் அவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

அடுத்த மாதம் வேளாங்கண்ணித் திருவிழா. நீயும் அத்தையும் நிச்சயம் போவீர்கள். அது முடிந்து ஒரு கப்பல் இருக்கிறது. நீ ஒரு வரி எழுதினால் போதும், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்து ஜெட்டியில் முதல் ஆளாக நிற்பேன். எழுதாவிட்டாலும் நிற்பேன்.

மாதாவிடம் எனக்காக ஒன்றும் கேட்க வேண்டாம். கடல் அமைதியாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேள்.

அத்தைக்கும் தம்பிக்கும் என் தோத்திரம்.

உன் வழி பார்த்திருக்கும்,
ம. சவரிமுத்து