வாசலில் நிற்கும் கேரவன்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் மனிதர்கள் சுமார், நாய் நலம், பூனை அதைவிட நலம், மைனா மட்டும் தேவைக்கு மேல் நலம், ஏன் என்று பின்னால் வருகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர இங்கிருந்து என்ன செய்ய முடியும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து நான் சொல்லும் ஒவ்வொன்றையும் திருத்துவார். இப்போது உன் தம்பியின் சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், இருக்கிற நாலு முடியை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி ஏரிக்கரையில் போய் மூன்று நாள் தங்குவதாகத் திட்டம், நாய், பூனை, மைனா உட்பட. அப்பாவோடு டிப்போவில் இருந்த அந்தக் குண்டு மெக்கானிக் ஞாபகம் இருக்கிறதா, அவர் ஒரு பழைய வேனைப் பிடித்து உள்ளே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கேரவனாக்கி இரவல் கொடுத்திருக்கிறார். நம் வாசலில் நிற்கிறது, பாதித் தெரு அதற்குத்தான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் சும்மா இருப்பாரா, டைம்டேபிள் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டார். ஆறு பத்துக்கு நாய் ஒண்ணுக்குப் போக வேண்டும், ஆறு பதினைந்துக்குப் பூனை கூடைக்குள் ஏற வேண்டும். பூனையிடம் யாரும் கேட்கவில்லை. தங்கும் இடத்துக்காரர்கள் அனுப்பிய படிவத்தையும் அவரே நிரப்பினார். பிராணிகள் மூன்று, ஆட்கள் நான்கு என்று எழுதியிருந்தார். நீங்க, நான், தம்பி, மூணு பேர்தானே என்றேன். நாயையும் சேர்த்து எண்ணிட்டேன்போல என்று முனகிவிட்டு, திருத்தாமல் அப்படியே அனுப்பிவிட்டார். வயசாகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சிரிக்காதே, நிஜமாகத்தான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை எல்லோரும் வாசலில் நிற்கும் கேரவனுக்குள்ளேயே வாழ வேண்டும், என்ன ஆனாலும் வீட்டுக்குள் போகக் கூடாது, இது உன் அப்பாவின் சட்டம். நானும் பைத்தியக்காரி மாதிரி தலையாட்டினேன். உன் தம்பி எழும்போது ஒரு தடவை, உட்காரும்போது ஒரு தடவை கூரையில் மண்டையை இடித்துக்கொண்டான். பத்தடி தூரத்தில் சொந்த வீடு இருந்தும் ஏன் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்று நாய்க்குப் புரியவில்லை, எனக்கும்தான். பூனை மட்டும் அரைமணி நேரத்தில் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே போய் எங்கள் கட்டிலில் படுத்துவிட்டது, இந்த வீட்டில் அறிவுள்ள ஜீவன் அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு வக்கீலம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, என்ன, வீட்டைவிட்டுத் துரத்திட்டாங்களா, கேஸ் போடலாமா என்று கேட்டாள்.

சாயங்காலம் கடைசிப் பாடம், ரிவர்ஸ். ஏரிக்கரையில் வண்டியின் பின்பக்கம் தண்ணீரைப் பார்க்க நிற்க வேண்டுமாம், கதவைத் திறந்தால் ஏரி தெரிய வேண்டுமாம். ஏரிக்குப் பதில் நம் கேட். நான் அலமாரியிலிருந்து என் பழைய விசிலை எடுத்தேன். அவர் ஓட்டிய பஸ்ஸில் பதினெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவள் நான், ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் போக வேண்டும், உங்களை வளர்த்ததே அப்படித்தான். வண்டி மெல்லப் பின்னால் வந்தது. கேட்டுத் தூணுக்கு ஒரு முழம் இருக்கும்போது ஒன்று அடித்தேன், டக்கென்று நின்றார். அதோடு முடிந்திருக்க வேண்டும். அவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய கூண்டிலிருந்து மைனா, என் குரலிலேயே என்று சொல்லலாம், நான் நடுவில் இழுக்கும் மூச்சைக்கூட விடாமல், இரண்டு அடித்தது. உன் அப்பா கிளம்பிவிட்டார். நான் கத்தினேன், தம்பி கத்தினான், நாய் கத்தியது, தூண் மட்டும்தான் வாயைத் திறக்கவில்லை. பின்விளக்கு நொறுங்கி, தூணில் ஒரு கை நீளத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்தது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதே.

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தூண் இருந்தது இடது பக்கம். இடது கண்ணாடி முழுக்க அது ஒன்றுதான் தெரிந்திருக்கும். விசில் கேட்டாலும் கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை நகர்த்தாத மனிதர் அவர். நான் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு சீட்டை எடுத்து நீட்டினார், கண் டாக்டர் எழுதியது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று. இடது பக்கம் ஒண்ணும் தெரியலடி, நாலு மாசமாச்சு என்றார். எனக்கு அழுகையும் வந்தது, அறையவும் தோன்றியது. ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம். அவர் டம்ளரைத் தட்டிவிடுகிறார் என்று இரண்டு மாதமாக வலது பக்கமே வைத்துக்கொண்டிருக்கிறேன், தெருவைக் கடக்கும்போது இடது பக்கம் நானே போய் நின்றுகொள்கிறேன். எனக்குத் தெரியாது என்று நினைத்து அவரும், எனக்கு எதுவும் தெரியாததுபோல் நானும், நன்றாகத்தான் நடித்தோம். ஒத்திகை எங்களுக்கு இல்லை, தன்னால் இன்னும் முடியுமா என்று பார்க்க அவருக்கு அவரே வைத்துக்கொண்டது. அந்தத் தூணைத் தாண்டியிருந்தால் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போயிருப்பார். அதனால்தான் அந்த மைனாவுக்குப் பழமாக ஊட்டிக் கெடுத்துவைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ஏரியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தம்பியை ஓட்டச் சொல்லலாம் என்றால், கத்தரி பிடிக்கும்போது நடுங்காத அந்தக் கை ஸ்டியரிங்கைத் தொட்டால் வியர்க்கிறது, மூன்று தடவை டெஸ்டில் தோற்றவன். எனக்கு வண்டியில் நிற்கத்தான் தெரியும். இப்படி இருக்கும்போது புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டே, தட்டைவிட்டுத் தலை நிமிராமல், அவ ஓட்டுற வேன் எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டார். அவ என்றது உன்னைத்தான். அதே தூணில் நீ காரை உரசியதற்கு, உன் கையில இனி ஸ்டியரிங்கே கிடையாது என்று அவர் கத்தி, நீ முறுக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய் ஆறு வருஷமாகிறது. நீ அங்கே ஏதோ ஆபீஸில் உட்கார்ந்திருப்பதாகத்தானே நானும் தம்பியும் அவரிடம் சாதித்துக்கொண்டிருந்தோம். பார்சல் கம்பெனிச் சட்டையோட போட்டோ அனுப்பினா எனக்குத் தெரியாதா, அந்த அளவுக்கா கண்ணு போச்சு என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவர் வா என்று கூப்பிட மாட்டார். கூப்பிடு என்று என்னிடமும் சொல்ல மாட்டார், அது அவர் பிறவிக் குணம், நீயும் அதில் கால்வாசி வாங்கிக்கொண்டுதான் பிறந்திருக்கிறாய். அவர் அன்று சொன்னது தப்பு, நீ காரை உரசியதும் தப்பு. உன் கீறலுக்கு ஒரு சாண் மேலே இப்போது அவருடையது, இரண்டும் ஒரே தூணில், யார் யாரைச் சொல்வது. லீவு கிடைக்காது என்று ஆரம்பிக்காதே, உன் சூப்பர்வைசரிடம் அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று சொல், பொய்யும் இல்லை.

இன்று காலை கேரவனைப் பெருக்க ஏறினேன். நாய் முடி பாதி மூட்டை இருக்கும். பெருக்கிக்கொண்டே முன்பக்கம் போனேன். டிரைவர் சீட் முழுசாக முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது, இரண்டு கண்ணாடிகளும் கீழ்ப்பார்வையாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அவர் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும், தம்பிக்கு அதுகூட முடியாது. இந்தக் குடும்பத்தில் அந்த அளவுக்குக் குட்டைக் கால் ஒருத்திக்குத்தான் உண்டு. படிவத்தில் நான்கு பேர் என்று எழுதியது நாயைச் சேர்த்து இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் சீட்டைத் தொடவில்லை, அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

கண்ணும் காலும் கடைசிவரை கெட்டியாக இருந்து, மனசுக்குப் பிடித்த வேலையோடு நீ நல்லபடி வாழ வேண்டும். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. சலூன் பக்கமிருந்து அப்பாவின் இருமல் கேட்கிறது, முடிக்கிறேன். வரும்போது வேறு எதை மறந்தாலும் லைசென்ஸை மறக்காதே. பின்னால் நின்று விசில் அடிப்பது நான்தான், மைனாவின் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா