மூன்றாவது மாடி வழக்கு

என் அருமைச் சோம்பேறிக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம், ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்ளாத அளவுக்கு நலம். நீயும் நலம்தான் என்று போட்டோவில் உன் கன்னமே சொல்கிறது. உடம்பைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அப்பா நடக்கும் மெஷின் வாங்கினார், இப்போது அதில் ஈரச் சட்டைதான் காய்கிறது. சித்தி உனக்குப் பெண் பார்க்கட்டுமா என்றாள், முதலில் அவனுக்கு ஒரு சீப்பு பார் என்றேன்.

அது கிடக்கட்டும், ஆபீசில் ஒரு கூத்து நடந்துவிட்டது. ஏழு வயதுப் பெண் குழந்தை, அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாலை ஷிஃப்ட், வேறு நாதி இல்லை. குழந்தை தனியாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் புண்ணியவான் புகார் கொடுக்க, எங்கள் குழந்தைகள் நலத் துறை ஆட்கள் தூக்கிக்கொண்டுபோய்க் காப்பகத்தில் விட்டார்கள். அங்கேயே வைக்க உத்தரவு வாங்குவது அரசு வக்கீலான என் வேலை. நாங்கள் வீட்டை எட்டிப் பார்ப்பது கிடையாது, கள அலுவலர் எழுதிய அறிக்கையைக் கோர்ட்டில் கணீரென்று படிப்போம், அவ்வளவுதான். நானும் படித்தேன். குழந்தை தானே கதவைப் பூட்டிக்கொள்கிறது, தானே முட்டை வேகவைக்கிறது, பள்ளி டைரியில் அம்மா கையெழுத்தையும் தானே போடுகிறது. அந்த இடத்தில் வாயடைத்து நின்றுவிட்டேன். டேய், அது நீதானே! அடுத்தவர் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டு நான் எட்டு மணிக்கு வரும்வரை நீயும் அப்படித்தானே இருந்தாய்? என்னம்மா, தொண்டை கட்டிருச்சா என்றார் நீதிபதி. ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் அவர்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறினேன். இன்னும் எதை எடுத்துட்டுப் போகணும்னு வந்தீங்க என்று கேட்டாள் அந்த அம்மா. ஒரே அறை, சுவரில் அவள் கையெழுத்தில் ஒரு தாள், ஐந்து மணி பால், ஆறு மணி வீட்டுப்பாடம், ஏழு மணி அம்மா போன். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த வாய்தாவில், குழந்தையை வீட்டுக்கு அனுப்புங்கள், மாலையில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் எங்கள் துறையே ஏற்பாடு செய்யும் என்றேன். நீதிபதி கையெழுத்துப் போட்டார். நீங்க எந்தப் பக்கத்து வக்கீல் என்று என் அதிகாரி குதித்தார். தெரிஞ்சதும் சொல்றேன் சார் என்றேன், விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது.

குழந்தையின் அம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை. ஒரு மாசமா எம்புள்ள என்னைத் தேடி அழுதுச்சே, அதுக்கு யாரு பதில் சொல்றது என்றாள். வாயாடி என்று பேரெடுத்த நான், மன்னிச்சிடும்மா என்றேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உன்னிடம் இன்னும் கேட்கவில்லை. அந்தச் சாயங்காலங்களில் நீ பயந்தாயா? நான் கேட்டதே இல்லை, கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று எனக்குத்தான் பயம். என்னை மன்னித்துவிடுடா.

நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. பல் டாக்டரைப் போய்ப் பார், இதற்கு அப்பீல் கிடையாது. பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பித் தப்பிக்காதே, போன் பண்ணு. கோர்ட்டில் இருந்தாலும் எடுப்பேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா