காலியாக விட்ட இரண்டு கட்டங்கள்

அப்பா,

நேற்று பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி. மணி விடாமல் அடித்ததும் வரிசையாக மைதானத்துக்கு இறங்கி வந்தோம். நான் வகுப்புத் தலைவி என்பதால் பெயர்ப் பட்டியல் அட்டையை மிஸ் என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஒரு சிறிய கட்டம். நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா. எல்லோருக்கும் டிக் போட்டு முடித்தபோது இரண்டு பேர் குறைந்தார்கள். "லேபில் இருப்பாங்க, வந்துடுவாங்க. போட்டுக் கொடும்மா, பிரின்சிபால் காத்திருக்கார்" என்று மிஸ் தெலுங்கில் சொன்னார். பேனா அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. உங்கள் பட்டியலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

எட்டு மாதம் உல்லாசக் கப்பலில் அறைப் பணியாளர், இரண்டு மாதம் போவன்பள்ளி வீட்டில் அப்பா. இதுதான் எனக்குத் தெரிந்த நீங்கள். வந்த மறுநாளே என் துண்டு யானையாக மடிந்து கட்டில்மேல் உட்கார்ந்திருக்கும். திறந்திருக்கும் கதவைக்கூட மூன்று முறை தட்டி, ஒரு மூச்சு நின்று, பிறகுதான் உள்ளே வருவீர்கள்.

"சொந்த வீட்டுல எதுக்கு இந்த மரியாதை?" என்று அம்மா கேலி செய்வார்.

"உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு தெரியாம நுழையக்கூடாது மேடம்" என்பீர்கள்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அந்தக் கப்பல் உடைந்தது. பயணிகள் அருகில் பார்த்து மகிழட்டும் என்று ஒரு தீவை ஒட்டிப் போய், விடியற்காலையில் பாறையில் மோதிச் சாய்ந்தது. நீங்கள் வேறு யாருடையதோ பெரிய ஸ்வெட்டரோடு வீடு வந்தீர்கள். தொலைக்காட்சியில் எல்லோரும் கேப்டனைத் திட்டினார்கள். நானும் செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி, கேப்டன் படத்தின் கீழே 'குற்றவாளி' என்று சிவப்பு மையில் எழுதினேன். உங்களிடம் பெருமையாகக் காட்டினேன். பக்கங்களை மெதுவாகப் புரட்டி, நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தீர்கள்.

நீங்கள் பாராட்டாத காரணம் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. விசாரணைக் குழு உங்கள் வாக்குமூலத்தை எழுத்தில் கேட்டது. உங்கள் ஆங்கிலத்தின்மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லை. என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னீர்கள். அப்போதுதான் உங்கள் அறைகளில் ஒன்றில் மனைவியோடு தங்கியிருந்த ஒரு முதியவரைப் பற்றி முதல் முறையாகச் சொன்னீர்கள்.

புறப்படும் நாளில் எல்லாப் பயணிகளும் உயிர்காப்புச் சட்டையோடு தங்கள் படகு நிற்கும் இடத்துக்குப் போய்ப் பழக வேண்டும். அறைகளைப் பார்த்துப் பட்டியலில் டிக் போடுவது உங்கள் வேலை. அவருக்கு முழங்கால் வலி. "எத்தனையோ கப்பல் பார்த்தாச்சு, விட்டுடுப்பா" என்று அவரும் மனைவியும் கேட்டார்கள். பட்டியல் நிரம்பாமல் கப்பல் கிளம்பாது. மேற்பார்வையாளர் இரண்டு முறை விரட்டிவிட்டார். நீங்கள் இரண்டு டிக் போட்டீர்கள். மோதிய அன்று உங்கள் தாழ்வாரம் முழுக்கக் கதவு தட்டினீர்கள். அவர்கள் அறை காலி. படகுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தீர்கள். அவர்களோ கப்பலின் எதிர்ப்பக்கம் போயிருந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் பிழைத்தார். கரையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, "எங்க போகணும்னு எங்களுக்குத் தெரியலையே" என்று உங்களிடமே சொன்னார்.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வரி எழுதினேன்: 'பட்டியலின்படி என் அறைகளில் இருந்த அனைவரும் பயிற்சிக்கு வந்திருந்தார்கள்.' பொய்யும் இல்லை, உங்கள் வேலையும் போகாது. நீங்கள் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தீர்கள்.

"பட்டியலை எழுதினது யாரு?"

"நீங்கதாம்ப்பா."

"அப்போ அதையும் எழுது."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "கப்பலைப் பாறை மேல ஏத்துனது நீங்களா? ஏத்தினவன் இருக்கான்ல."

"இருக்கார். அதையும்தான் எழுதறேன். மேற்பார்வையாளர் விரட்டினதையும் எழுதறேன். என் ரெண்டு டிக்கை மறைச்சுட்டு மத்தவங்களைச் சொன்னா யார் நம்புவா?"

உங்களுக்குக் கப்பல் வேலை வாங்கித் தந்த ஏஜெண்டுக்கு யார் சொன்னார்களோ, அன்று மாலையே சென்னையிலிருந்து போன் செய்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் வீடெல்லாம் கேட்டது. "ஊரே கேப்டன்தான்னு சொல்லுது. நீங்க எதுக்கு சார் குறுக்க போய் நிக்கறீங்க? இது போச்சுன்னா உங்களை எந்தக் கப்பலும் ஏத்தாது."

"சரி சார்" என்றீர்கள். நான் மூச்சு விட்டேன். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அனுப்பு" என்றீர்கள்.

எந்தக் கப்பலும் உங்களை ஏற்றவில்லை. சைனிக்புரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேஜைவிரிப்பு விரித்தீர்கள். அங்கேயும் நாப்கின்கள் அன்னப்பறவையாக நின்றன. 'அந்த வரியை நான் எழுதியபடியே விட்டிருக்கலாமே' என்று சில நாள் கோபமாக நினைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. அதற்குள் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும்போது, உங்கள் இதயம் நின்றுவிட்டது.

விசாரணை அறிக்கை நீங்கள் போன பிறகுதான் வந்தது. உங்களுக்குப் படித்துக் காட்ட முடியவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். முதல் பொறுப்பு கேப்டனுடையது. ஆனால் அவரோடு முடியவில்லை. ஓர் அறைப் பணியாளர் தன் தவறை எழுதிய பிறகு மற்றவர்களும் எழுதினார்களாம்; பட்டியல்களை அப்படி நிரப்பவைத்ததற்கு நிறுவனமும் பொறுப்பு என்று அறிக்கை சொல்கிறது. அந்தப் பணியாளரின் தவறும் ஒரு வரியில் இருக்கிறது. அதை முதலில் படித்தபோது அழுதேன். இரண்டாம் முறை படித்தபோது, அந்த வரி இல்லாவிட்டால் இந்த அறிக்கையை ஒப்புக்கொள்ளாத முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று தோன்றியது. அந்த நோட்டில் சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிடவில்லை. அதன் கீழே இன்னும் சில பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நேற்று அந்த இரண்டு கட்டங்களைக் காலியாகவே விட்டு அட்டையை நீட்டினேன். மிஸ்ஸுக்குக் கோபம். "அப்ப நீயே போய்க் கூட்டிட்டு வா." வெயிலில் நின்ற வகுப்பு முழுக்க முனகியது, "ஹவ், கலெக்டர் மேடம்" என்று ஆமாம் போட்டு யாரோ கிண்டல் செய்தார்கள்.

மூன்றாம் மாடிக்கு ஓடினேன். வேதியியல் லேபின் கதவு சாத்தியிருந்தது. மைதானத்தில் காதைத் துளைத்த மணி, அந்தக் கதவுக்கு முன்னால் கேட்கவே இல்லை. உள்ளே இரண்டு பேர் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டு பேசும் சத்தம் மட்டும் வந்தது.

மூன்று முறை தட்டினேன், அப்பா. ஒரு மூச்சு நின்றேன். பிறகு உள்ளே போனேன்.