கட்டிலாகும் கதிரை

ஒக்டோபர் 11, சனி

காலையில் மழை. பத்து மணிக்கு வெயில். மறுபடி மழை. காயப்போட்ட உடுப்பை மூன்று தடவை எடுத்து மூன்று தடவை போட்டாயிற்று. வரலாறு ஏழாம் பாடம் பாதி.

அண்ணை ரிக்கெற் அனுப்பிவிட்டார். 23 வியாழன் அம்மா வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். 24 விடியக் கட்டுநாயக்காவில் பிளேன். நடுவில் அரபு நாடொன்றில் மாறல், அதன்பின் பதினான்கு மணித்தியாலம் ஒரே இருப்பு, ரொறன்ரோ. நவம்பர் 2 அண்ணையின் கலியாணம். விசா கிடைத்தது அம்மாவுக்கு மட்டும். அப்பாவும் நானும் வீடியோவில்.

ரிக்கெற்றில் ‘பிசினஸ்’ என்று இருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே அண்ணைக்குப் போன்.

“அது என்ன தம்பி பிசினஸ்?”

“கதிரை கட்டில் மாதிரி விரியும் அம்மா. படுத்துக்கொண்டு வரலாம்.”

“ஆகாசத்திலை கட்டிலோ! என்ன விலை?”

அண்ணை மறைக்கத் தெரியாதவர். சொல்லிவிட்டார். சாதாரண ரிக்கெற்றைப்போல மூன்று மடங்கு. அம்மா போனை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

“தங்கச்சி, நான் இஞ்சை வரேக்கை நடுச் சீற். ரெண்டு பக்கமும் நித்திரை, எழும்ப ஏலாது. அப்பவே நினைச்சனான், அம்மாவை உப்பிடிக் கூப்பிடக்கூடாது எண்டு. அம்மாவின்ரை முதுகு உனக்குத் தெரியும்தானே.”

தெரியும். நான்கு வருடத்துக்கு முன் கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்த முதுகு. மானிப்பாய் ஆஸ்பத்திரி, பிறகு யாழ்ப்பாணம், எக்ஸ்றே படம், ஊசி, இடுப்புப் பட்டி. அம்மா நின்றுகொண்டு சாப்பிடுவார். நின்றுகொண்டு பேப்பர் வாசிப்பார். பஸ்ஸில் யாரும் இடம் கொடுத்தால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். ஆட்கள் அம்மாவைப் பெரிய நல்ல மனுசி என்று நினைக்கிறார்கள். நல்ல மனுசிதான், ஆனால் காரணம் அது இல்லை.

மாற்றுவதென்றால் 15ஆம் திகதிக்குள் மாற்றலாமாம். அதை அம்மா குசினிக்குள் இருந்தே கேட்டுவிட்டார்.

ஒக். 12, ஞாயிறு

மப்பு. மழை இல்லை. அப்பா வெங்காயத் தோட்டத் தறைக்குப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டுச் செல்வம் மாமி (இனி செ.மா.) பால் கொண்டு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “மாமி, அம்மாவின்ரை ரிக்கெற்றுக்கு ரெண்டு பெட்டி, ஒண்டு முப்பத்திரண்டு கிலோ கொண்டு போகலாம்” என்று சொல்லிவிட்டேன்.

செ.மா. பால் போத்தலைக் கீழே வைத்தார். “அறுபத்துநாலோ?”

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கையில் பொதி. சரக்குத் தூள், பிள்ளைப்பெறுகாரிக்கு. அவரின் மகளுக்கு அங்கே அடுத்த மாதம் பிள்ளை. செ.மா.வுக்கு விசா இரண்டு தரம் இல்லை என்றாயிற்று.

“மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் நானே வறுத்து இடிச்சது. கடைத்தூள் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு ஓரத்திலை வையும்.”

அம்மா வாங்கி வைத்தார். செ.மா. போனதும் எனக்கு: “வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதோ உனக்கு? நான் ரிக்கெற்றை மாத்தப்போறன். பேந்து சாமானை என்ன தலையிலையோ கொண்டு போறது?”

ஓம். என் பிழைதான்.

பி.ப. பட்டிமன்றத்துக்கு எழுதுவதுபோல இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன்.

வேண்டாம்: 1. விலை. 2. முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஒரே நேரத்தில்தான் இறங்கும் (அப்பா). 3. நல்ல சாப்பாடு தருவார்களாம், ஆனால் 22 தொடக்கம் கந்தசஷ்டி, அம்மா ஆறு நாளும் விரதம், பொழுதுபட ஒரு கோப்பை பால் மட்டும். 4. அண்ணைக்குக் கலியாணச் செலவு.

வேண்டும்: 1. முதுகு.

ஒன்றுதான். ஆனால் பெரிய ஒன்று.

ஒக். 13, திங்கள்

பள்ளிக்கூடம். கணித வினாத்தாள் திருத்தித் தந்தார்கள், 71. இன்னும் கவனம் வேண்டும்.

இடைவேளையில் ஆங்கில ரீச்சரிடம் கேட்டேன். அவர் லண்டனுக்கு மகனிடம் போய் வந்தவர். சாதாரண ரிக்கெற்.

“முழங்காலுக்கும் முன் சீற்றுக்கும் இடையிலை ஒரு சாண் இல்லைப் பிள்ளை. கால் வீங்கி, செருப்பைக் கையிலை தூக்கிக்கொண்டு இறங்கினனான். முன்னுக்குப் படுத்துக்கொண்டு வந்தவை சிரிச்சுக்கொண்டு இறங்கிச்சினம். எனக்குச் சரியான கோபம்.”

“அடுத்த முறை முன்னுக்குப் போவீங்களோ ரீச்சர்?”

யோசித்தார். “மாட்டன். மூண்டு நாளிலை வீக்கம் வத்திட்டுது. ஆனால் உம்மடை அம்மாவுக்கு எண்டால் நான் வேறை மாதிரிச் சொல்லுவன்.”

வீட்டுக்கு வந்து பரிசோதனை. சாப்பாட்டு மேசைக் கதிரையை அலுமாரிக்கு முன்னால் வைத்து, முழங்காலுக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன்.

நான்: 2 மணித்தியாலம் 50 நிமிடம். புத்தகம் இருந்தபடியால்.
அப்பா: இருபதாவது நிமிடம் குறட்டை. தேத்தண்ணிக்கு எழுப்ப வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு எந்த வகுப்பும் காணும்.
அம்மா: 38 நிமிடம்.

38 நிமிடத்தில், “அடுப்பிலை பால் பொங்குது” என்று எழும்பிப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் பின்னால் போகவில்லை. குசினி யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பி.

பதினான்கு மணித்தியாலம் என்றால் 840 நிமிடம்.

வந்து சொன்னது: “பிளேனிலை எழும்பி நடக்க விடுவினம்தானே. நான் நிண்டுகொண்டே போயிடுவன்.”

ஒக். 14, செவ்வாய்

விடியத் தொடக்கம் அடை மழை. ஒழுங்கை முழுக்க வெள்ளம். பள்ளிக்கூடத்துக்கு அரைவாசிப் பேர்.

அம்மா அண்ணையோடு கதைத்தது, என் அறைக்குக் கேட்டது.

“தம்பி, அந்தக் காசு இருந்தால் உங்கடை வீட்டுக்கு ஒரு கட்டில் வாங்கலாம். கலியாணம் கட்டி வாற பிள்ளை தரையிலையோ படுக்கிறது?”

“கட்டில் இருக்கு அம்மா.”

“இன்னொண்டு வாங்கன்.”

“நீங்கள் இஞ்சை முதுகு முறிஞ்சு போய் இறங்கினால் என்ரை தாலிகட்டுக்கு ஆர் பக்கத்திலை நிக்கிறது? கட்டிலோ நிக்கும்?”

அம்மா சிரித்தார். பிறகும், “மாத்து ராசா” என்றுதான் சொன்னார். அண்ணை மறுக்கமாட்டார். அம்மா மூன்றாம் தரம் சொன்னால் அவர் எதையும் செய்துவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

அண்ணை பாண் பேக்கரியில் வேலை. பகல் முழுக்க நிற்கிற வேலை. அவர் நின்று உழைத்து அம்மாவுக்குப் படுக்க இடம் வாங்கியிருக்கிறார். இதை அம்மாவிடம் சொல்லத் தெரியவில்லை. எழுதத்தான் தெரிகிறது.

பின்னேரம் மழை விட்டது. எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா தனக்கென்று ஒன்றும் வாங்கமாட்டார். செ.மா.வின் பொதியை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை? இரண்டு நாளாகச் சாமித்தட்டுக்குக் கீழே இருக்கிறது. கடந்து போகும்போது ஒருதரம் தொட்டும் பார்க்கிறார்.

சைக்கிளை எடுத்தேன். ரொறன்ரோவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் எங்கள் ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலும் நான்கு. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: “அம்மா கனடா போறா. ஏதும் குடுத்துவிட இருக்கோ?”

பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவைக் கேட்கவும் இல்லை.

ஒக். 15, புதன்

வெயில். ஊர் முழுக்க உடுப்பும் மிளகாயும் காய்கிறது.

பள்ளிக்கூடத்தால் வரும்போது எங்கள் படலையில் இரண்டு சைக்கிள், ஒரு ஸ்கூட்டி. விறாந்தையில் அம்மா நடுவில் நிற்கிறார், சுற்றிவரப் பொதிகள்.

மிளகாய்த்தூள், வறுத்தது, இரண்டு வீடு. ஒடியல் மா. வேப்பம்பூ வடகம். மோர்மிளகாய். பயத்தம் பணியாரம் ஒரு தகரம். பிள்ளையின் முதலாம் பிறந்தநாளுக்குப் பட்டுச் சட்டை. குத்துவிளக்கு ஒன்று, பித்தளை, பழைய சாறத் துணியில் சுற்றியது. குத்துவிளக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை.

“உம்மடை மகள் வீடு வீடாய் வந்து கேட்டது. நல்ல பிள்ளை” என்று ஸ்கூட்டிக்காரி. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

எல்லாரும் போனபின் அப்பா வெங்காயம் நிறுக்கிற தராசைக் கொண்டுவந்து விறாந்தைக் கூரை வளையில் கட்டித் தூக்கினார். சுன்னாகம் சந்தைக்குக்கூட அவர் இவ்வளவு கவனமாக நிறுத்ததில்லை. அம்மாவின் சேலைகள், அண்ணைக்குச் செய்த பலகாரம், கலியாணக் கூறைச்சேலை, வந்த பொதிகள் எல்லாம் சேர்த்து 59 கிலோ.

அண்ணை போன் எடுத்தார். குரல் களைத்திருந்தது. “சரி அம்மா, மாத்திறன். இண்டைக்குத்தான் கடைசி. சாதாரண ரிக்கெற் எண்டால் பெட்டி ஒண்டுக்கு இருபத்துமூண்டு கிலோதான், பாத்து அடுக்குங்கோ.”

அம்மா: “ரெண்டுக்கும் நாப்பத்தாறோ?”

“ஓம்.”

அம்மா பொதிகளைப் பார்த்தார். குத்துவிளக்கைக் கையில் எடுத்தார், வைத்தார். பணியாரத் தகரம், வைத்தார். கடைசியாகச் சரக்குத் தூள். அதை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அம்மா தானாகக் கதிரையில் இருந்து நான் பார்த்துக் கனநாள்.

“பிள்ளைப்பெறப்போறவளின்ரை சரக்கை விட்டிட்டு நான் எப்பிடி அவளின்ரை தாயின்ரை முகத்திலை முழிக்கிறது?”

அப்பா தராசுக் கயிற்றை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

“தம்பி, மாத்தாதை. அந்தப் பெரிய ரிக்கெற்றே இருக்கட்டும். சாமான் கூடிப்போச்சு.”

அந்தப் பக்கம் அண்ணை சிரிக்கத் தொடங்கினார். “அம்மா, நான் உங்கடை முதுகுக்கு எடுத்த சீற். நீங்கள் ஊரின்ரை மிளகாய்த்தூளுக்கு எடுக்கிறியள்.”

“எதுக்கெண்டால் என்ன, வாறன்தானே!”

எனக்குப் பேச்சு விழுந்தது. விழட்டும். கடவுளே, நன்றி. செ.மா.வுக்கு நன்றி. குத்துவிளக்குக்கு நன்றி.

ஒக். 20, திங்கள். தீபாவளி

புதுச் சட்டை, நீலம். எண்ணெய் முழுக்கு. கோயிலில் கூட்டம்.

செ.மா. படலையில் நின்று: “சாப்பாட்டோடை ரிக்கெற் எடுத்துப்போட்டு விரதமோ? நல்ல வியாபாரம்! அந்தக் கோழியெல்லாம் ஆருக்கு?”

அம்மா: “பக்கத்திலை இருக்கிறவருக்குக் குடுப்பன்.”

அம்மாவின் உண்மையான கவலை வேறு. பிளேன் மேற்கே போகும்போது பொழுது படாதாமே, அப்போ பால் எப்போது குடிப்பது? அட்லஸ் எடுத்து விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “நான் மணிக்கூட்டை மாத்தமாட்டன். மானிப்பாயிலை ஆறரை எண்டால் எனக்கும் ஆறரை.”

ஒக். 23, வியாழன்

தூறல். விரதம் இரண்டாம் நாள். வான் பதினொரு மணிக்கு வந்தது. அப்பாவும் கூடப் போகிறார், கட்டுநாயக்கா மட்டும். நாளை எனக்கு விஞ்ஞானச் சோதனை, அதனால் நான் இல்லை. இரண்டு இரவு செ.மா. வீட்டில்.

வான் பின் சீற்றில் தலையணை போட்டு அம்மாவைப் படுக்க வைத்தோம். என்னைக் கூப்பிட்டுக் காதில்: “வீடு வீடாய்ப் போனது ஏனெண்டு எனக்குத் தெரியும். கள்ளி.”

அழவில்லை. பிறகு அழுதேன். படலை பூட்டியாயிற்று. உடுப்பு எடுத்தாயிற்று.

ஒக். 24, வெள்ளி

விஞ்ஞானம் பரவாயில்லை. மூன்றாம் கேள்வி சந்தேகம்.

நாள் முழுக்க மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். பின்னேரம் ஆறரைக்குக் கோயில் மணி. செ.மா.வும் விரதம். பால் காய்ச்சி இரண்டு கோப்பையில் ஊற்றினார், விரதமில்லாத எனக்கும் ஒன்று. “உன்ரை கொம்மாவும் இப்ப குடிப்பா” என்றார்.

ஒக். 25, சனி

நல்ல வெயில். விடிய எழும்பிப் போனைப் பார்த்தேன். அம்மாவின் குரல், இரண்டு நிமிடம். நான்கு தரம் கேட்டேன். பிறகு செ.மா. கேட்டார். தன் மகள் பொதியை அண்ணை வீட்டில் வந்து வாங்கி மணந்து பார்த்தாளாம் என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறக்காமல் எழுதி வைக்கிறேன்:

“பிள்ளை, வந்து சேர்ந்திட்டன். பிளேனிலை வேலை செய்யிற பிள்ளை கதிரையைக் கட்டிலாக்கித் தந்தது. என்ரை மணிக்கூட்டிலை ஆறரைக்குப் பால் கேட்டன், சூடாக்கித் தந்தது. வெளியிலை பாத்தால் கொளுத்துற வெய்யில். பேந்து படுத்தன். அது வந்து போர்வையை இழுத்துக் கால்மட்டும் போர்த்திவிட்டது. எனக்கு ஆர் கடைசியாய்ப் போர்த்திவிட்டது எண்டு யோசிச்சுக்கொண்டு கிடந்தன். நினைவு வரேல்லை. நித்திரையாப் போனன். அஞ்சு மணித்தியாலம் பிள்ளை. நோகேல்லை.”

கீழே ஒரு படம், கை தவறி எடுத்தது போல. போர்வைக்கு வெளியே அம்மாவின் இரண்டு கால், பிளேனில் தந்த சாம்பல் நிறக் காலுறை, முழுக்க நீட்டி.

அண்ணைக்கு நன்றி சொல்லி நீளமாக எழுதினேன். எழுதியது சரியில்லை, அழித்தேன். ‘நன்றி அண்ணை’ என்று மட்டும் அனுப்பினேன்.

பத்து மணிக்கு அவரின் பதில். அம்மா தொடங்கிவிட்டாராம். திரும்பி வரும்போது பெட்டி இரண்டும் வெறுமை, சாதாரண ரிக்கெற் காணும், மாற்று என்று. என்ன செய்வம் என்று கேட்டிருந்தார்.

எழுதினேன்: “அங்கை இருக்கிற எங்கடை ஆக்களின்ரை வீடு வீடாய்ப் போய்க் கேளுங்கோ அண்ணை, ஊருக்கு ஏதும் குடுத்துவிட இருக்கோ எண்டு. அம்மாட்டைச் சொல்லாதேங்கோ.”