பவர் இல்லாத கண்ணாடி

தம்பி,

நேற்று மன்னார்குடி பஸ் உன் கடைக்கு எதிரே நின்றது. ஜன்னல் வழியாகப் போர்டைப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். மேலே, 'மோட்டார் காயில் கட்டித் தரப்படும்.' கீழே சிவப்பில், 'வேலை நேரத்தில் உட்கார்ந்து பேச வேண்டாம்.' எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் போர்டுக்கு நேர் கீழேதானே ஆறு வருடம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசினேன்? ஒரு நாளாவது நீ சொல்லியிருக்கலாம்.

உனக்குத் தெரியாத சேதி இது. போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு வைத்தார்கள். அறுபத்தெட்டு வயதில் 'அ' போட்டேன். கை வலிக்கிறது, ஆனால் நிறுத்த மனம் வரவில்லை. இந்த மடலை ஐந்து நாளாவது எழுதுவேன்.

எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு முதன்முதலில் உன்னிடம் வந்த காலையில் என் மேல் பிராந்தி வாடை. கழற்றிய நட்டுகளைப் பிடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தாய். மூன்று தடவை கீழே போட்டேன். எல்லாரையும் போல நீயும் திட்டப் போகிறாய் என்று காத்திருந்தேன். "எனக்கும் கை இப்படித்தான் ஆடிச்சு பெரியவரே. குடிய விட்டவங்க கூடி உக்காந்து பேசுற எடம் ஒண்ணு இருக்கு, வர்றீங்களா?" என்றாய். வருகிறேன் என்றால் மோட்டார் சீக்கிரம் கிடைக்கும் என்றுதான் தலையாட்டினேன்.

தஞ்சாவூரில் நீ போய்க்கொண்டிருந்த கூட்டம் அது. நல்ல மனிதர்கள். ஆனால் ஒரு புத்தகத்தை ஆளுக்கு ஒரு பத்தியாக வாசித்து அடுத்தவர் கையில் கொடுப்பது அங்கே வழக்கம். என்னிடம் வந்ததும் கண்ணாடி எடுத்து வரவில்லை என்றேன். நீ சட்டென்று உன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாய். மாட்டிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தேன். "பவர் சேரல தம்பி" என்றேன். நீ புத்தகத்தை வாங்கி, எனக்கான பத்தியையும் சேர்த்து வாசித்தாய்.

திரும்பும்போது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் வாயைத் திறந்தாய். "பெரியவரே, அதுல பவரே கெடையாது. பட்டறைல கண்ணுல தூசி விழாம இருக்கப் போட்டுக்கற வெறுங்கண்ணாடி." நான் தலையைத் தொங்கப் போட்டேன். இனிமேல் வரமாட்டேன் என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன். நீ என் தொடையில் தட்டி, "எடந்தான் உங்களுக்குத் தோதில்ல. வேற பாப்போம்" என்றாய். என்னைக் குறை சொல்லாமல் இடத்தைக் குறை சொன்ன முதல் ஆள் நீதான்.

அடுத்து மன்னார்குடியில் ஒன்று. அங்கே யாரும் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து எங்கள் ஊர் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், அதுவும் மதுக்கடைக்கு எதிரே. இரண்டாம் வாரமே என் கண் போகும் திசையைப் பார்த்துவிட்டு, இதுவும் வேண்டாம் என்றாய்.

மூன்றாவதுதான் ஓடாத ரைஸ்மில்லின் களம். ஞாயிற்றுக்கிழமை காலை, பதினொரு பேர். பேச முடியாதவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு, 'இன்னைக்குக் கேட்டுக்கறேன்' என்றால் போதும். நாலு வாரம் அதையே சொன்னேன். ஐந்தாம் வாரம் பேசினேன். மடையைத் திறந்துவிட்டுப் போதையில் வரப்பில் தூங்கியதையும், நாற்றங்கால் முழுக்க மூழ்கி அழுகியதையும், அழுகிய நாற்றை என் மனைவி தனியாளாக அள்ளிக் கொட்டியதையும் சொன்னேன். எனக்காக உன் தஞ்சாவூர்க் கூட்டத்தை விட்டுவிட்டு அந்தக் களத்துக்கு வந்து உட்கார்ந்தாய். அது எத்தனை பெரிய காரியம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன மாதம் அந்தத் தஞ்சாவூர்க் கூட்டத்துக்குப் போனேன். ஒரு பத்தி முழுக்க வாசித்தேன், கைதட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு களத்துக்கே போய்விட்டேன். நீ பஸ்ஸில் சொன்னது சரிதான்.

ஒன்றை மட்டும் இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. நெஞ்சு வலி வந்து நீ பட்டறையில் சாய்ந்தது சனிக்கிழமை. மறுநாள் காலை உன் வீட்டுக் கொல்லையில் சொந்தக்காரர்கள் பாட்டில் திறந்தார்கள். துக்கத்துக்கு ஒரு வாய் என்று யாரோ என்னிடம் டம்ளரை நீட்டினார். என் கை வாங்கிக்கொண்டது. வாங்கியது என் கைதான், தம்பி. வாடை மூக்கில் ஏறியது. தென்னை மரத்தடியில் அப்படியே வைத்துவிட்டு, உன்னை எடுப்பதற்கு முன்பே நடந்து போய் பஸ் ஏறினேன். களத்தில் இதைச் சொல்லி அழுதேன்.

ஊரில் ஏசினார்கள். பதினாறாம் நாள் உன் மனைவி கேட்டது: "கடைசி வரைக்கும் நிக்காமப் போயிட்டீங்களே மாமா?" டம்ளரைப் பற்றிச் சொன்னேன். களத்தைப் பற்றியும் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னது:

"ஞாயித்துக்கெழமதானே? இருந்தா அவரே உங்கள பஸ் ஏத்தி விட்டிருப்பாரு."

அந்தச் சொல்லைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். நாளை ஞாயிறு. ஏழு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும். இத்துடன் பேனாவை மூடுகிறேன்.